குரல் துபாய், நம்பர் உள்ளூர்

கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடலுக்கும் ஒரு பக்கத்துக் கரைக்கும் நெசவாளியே நாடா விடுவார். மறுகரைக்கு நாடா போட்டுத்தரப் பக்கத்தில் ஓர் ஆள், பெரும்பாலும் வீட்டுக்காரம்மாவோ பிள்ளையோ. நடுவில் போன் அடித்தால் நான்கு கையும் ஒன்றாக நிற்கும்.

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் போன மாதம் அப்படி மூன்று முறை நின்றது. திரையில் முன்பின் தெரியாத பத்து இலக்க நம்பர். தெரியாத நம்பரை எடுக்காதேம்மா என்று அந்த வீட்டுத் தங்கச்சிக்குப் பாடம் எடுத்திருந்தவன் நான்தான். அதனால் இரண்டு முறை கட் பண்ணிவிட்டாள். மூன்றாவது முறை எரிச்சலோடு எடுத்தால், "ம்மா, நான்தாம்மா" என்று மகனின் குரல். அவன் துபாயில் ஏசி மெக்கானிக். "ஊருக்கு வந்துட்டியாடா?" என்று கேட்டிருக்கிறாள். நம்பரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மறுநாள் என்னிடம் வந்தாள். "துபாய்ல இருந்துதான் பேசறான் அண்ணே. நம்பர் மட்டும் நம்ம நாட்டு நம்பரா வருது. எப்படி?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பாலாற்றுப் பாலத்துக்குப் போகும் சாலையில் ஒரு காலத்தில் மஞ்சள் போர்டு மாட்டி எஸ்டிடி-ஐஎஸ்டி பூத் வைத்திருந்தவன் நான். பூத் போய்ப் பல வருடமாகிறது. போன் சம்பந்தப்பட்ட சந்தேகம் எதுவானாலும் தெருவுக்கு இன்னும் நான்தான் எக்ஸ்சேஞ்ச்.

அவள் கேட்டதற்குப் பதில் இதுதான். வெளிநாட்டிலிருந்து ஓர் அழைப்பு முறைப்படி இந்தியாவுக்குள் வரவேண்டுமென்றால் உரிமம் பெற்ற நிறுவனத்தின் வாசல் வழியாக வரவேண்டும். அதை உங்கள் போனில் கொண்டுவந்து சேர்ப்பதற்காக இங்குள்ள மொபைல் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். 2018 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை 30 காசாக்கியது. 2020 மே மாதத்திலிருந்து 35 காசுக்கும் 65 காசுக்கும் இடையில் என்று வைத்தது. கேட்கச் சில்லறையாகத் தெரியும். கோடிக்கணக்கான நிமிடங்களுக்குப் பெருக்கிப் பாருங்கள். அந்தக் காசைக் கட்டாமல் உள்ளே நுழைவதற்கென்றே ஒரு தொழில் நடக்கிறது.

ஏதோ ஓர் ஊரில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடியறை. உள்ளே ஆள்கூட இருக்க வேண்டியதில்லை. ஒரு இன்டர்நெட் இணைப்பு, வரிசையாகச் சிம் செருகிய ஒரு பெட்டி. சிம் பாக்ஸ் என்பார்கள். துபாயில் பையன் பேசுவது இன்டர்நெட் வழியாக அந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி தன்னிடமுள்ள ஏதாவது ஒரு சிம்மிலிருந்து அம்மாவின் நம்பருக்கு ஒரு உள்ளூர் கால் போட்டு இரண்டையும் இணைத்துவிடும். உள்ளூர் பேச்சுக்குக் கணக்கில்லாத திட்டம் போட்ட சிம் என்பதால் பெட்டிக்காரனுக்குச் செலவு சொற்பம். அம்மாவின் திரையில் விழுவது அந்தச் சிம்மின் நம்பர். சென்னை உட்படப் பல ஊர்களில் இப்படிப்பட்ட அறைகளைப் போலீஸ் பூட்டை உடைத்துப் பிடித்திருக்கிறது.

பையன் இதையெல்லாம் அறிந்து செய்யவில்லை. தொழிலாளர் கேம்ப்பில் ஒரு ஆள் பத்து திர்ஹம் வாங்கிக்கொண்டு, ஒரு ஆப்பைப் போட்டுக்கொடுத்து, இத்தனை நிமிடம் பேசலாம் என்றிருக்கிறான். மலிவு. பேசவும் முடிந்தது. பாதியில் நிமிடம் தீர்ந்துவிட்டதென்று வெட்டினால் யாரிடம் கேட்பது? ரசீது இல்லை, கம்பெனிப் பெயர் இல்லை. அந்த ஆளே அடுத்த மாதம் வேறு கேம்ப்பில் இருப்பான். மலிவு அழைப்பு என்று எதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாலும் நான் நிமிடக் கணக்குக்கு முன்னால் பார்ப்பது இதைத்தான்: தகராறு என்றால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறதா?

சிம் பாக்ஸில் இன்னொரு வினை இருக்கிறது, அது ஊரில் இருப்பவர் தலையில் விழும். பையனின் குரலைக் கொண்டுவந்த அதே ஓட்டை வழியாகத்தான், "சிபிஐ-யிலிருந்து பேசுகிறோம், உங்கள் பேரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது" என்று கம்போடியாவிலோ மியான்மரிலோ உட்கார்ந்திருக்கும் மோசடிக் கூட்டத்தின் குரலும் வருகிறது. அதற்கும் உள்ளூர் நம்பர்தான். உள்ளூர் நம்பரில் மகன் பேசிப் பழகிய வீட்டில், அடுத்த தெரியாத நம்பரையும் தயங்காமல் எடுப்பார்கள். தங்கச்சிக்கு நான் எடுத்த பாடத்தை அந்தப் பத்து திர்ஹம் அழித்துவிட்டது.

வெளிநாட்டில் கிளம்பிப் போலியாக +91 ஒட்டிக்கொண்டு வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் அதில் சிக்கின. ஆனால் சிம் பாக்ஸ் அழைப்பு அந்த வலையில் விழாது. அதன் நம்பர் போலி இல்லை. இங்கேயே இருக்கிற நிஜச் சிம். ஆகவே பிடித்துக்கொடுக்க வேண்டியவர்கள் போனை எடுப்பவர்கள்தான். வெளிநாட்டு அழைப்பு உள்ளூர் நம்பரில் வந்தால் 1963 அல்லது 1800 110 420 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எடுத்துப் பேசிய அம்மா மேல் வழக்கு வராது. உரிமமில்லாமல் இணைப்பு நடத்துகிறவனுக்கு, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அந்தப் பெட்டியில் செருகிய சிம்மெல்லாம் யார் பேரில் வாங்கியது என்றும் யோசிக்க வேண்டும். ஆதார் நகலைக் கண்ட கடையில் கொடுத்தவர்கள் பேரில்தான். உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அதே சஞ்சார் சாத்தியில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒருவருக்கு 9 வரை அனுமதி. நீங்கள் வாங்காதது ஒன்று அதில் தெரிந்தால், இது என்னுடையது இல்லை என்று அங்கேயே பதிந்து துண்டிக்கச் சொல்லலாம். விமானம் ஏறப்போகும் பையனிடம், "இந்த நாலு சிம்மையும் அங்க நம்ம ஆளுகிட்ட கொடுத்துடுப்பா" என்று யாராவது கவர் நீட்டினால் கையை நீட்டவே கூடாது. இந்தியச் சிம்கள் மூட்டையாகத் தென்கிழக்காசிய மோசடிக் கூடங்களுக்குப் போயிருக்கின்றன. அதில் மாட்டுகிறவன் கவர் கொடுத்தவனாக இருக்கமாட்டான்.

என் பூத் காலத்தில் இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. விலைதான் கொடுமை. வளைகுடாவுக்கு ஐந்து நிமிடம் பேசினால் நெசவாளியின் ஒரு நாள் கூலிக்கு மேல் மீட்டர் காட்டும். சிவப்பு எண் ஓடுவதையே பார்த்துக்கொண்டு பேசுவார்கள், பேசவந்தது மறந்துபோகும். அதனால் பெரும்பாலான வீடுகள் பேசப்போவதில்லை, பேச்சை வாங்கிக்கொள்ளும். என் பூத் நம்பர்தான் பத்து வீட்டுக்குப் பி.பி. நம்பர். சவூதியிலிருந்து கால் வரும். "பத்து நிமிஷம் கழிச்சுப் போடுங்க" என்று வைத்துவிட்டு, பையனைச் சைக்கிளில் அனுப்பி ஆயாவைக் கூட்டிவரச் சொல்வேன். தறிக்குழியிலிருந்து எழுந்து அப்படியே ஓடிவரும். 2002 ஏப்ரல் 1-ஆம் தேதி வெளிநாட்டு அழைப்பில் விஎஸ்என்எல் நிறுவனத்தின் ஏகபோகம் முடிந்தது, விலை சரிந்தது, பிறகு கைக்குக் கை மொபைல் வந்தது, நான் போர்டைக் கழற்றினேன். வருத்தமில்லை.

இப்போது முறையான வழிகளுக்கு வருவோம். யார் போகிறார்கள், எத்தனை நாளைக்கு என்பதைப் பொறுத்து வழி மாறும்.

வேலைக்குப் போகிறவருக்கு விடை சுலபம். போன ஊரில், பாஸ்போர்ட்டைக் காட்டித் தன் பேரிலேயே ஒரு சிம் வாங்கிக்கொண்டு, அதன் டேட்டாவில் ஆப் வழியாகப் பேசுவது. வாட்ஸ்அப் குரல் அழைப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை எம்பி டேட்டாவைத்தான் தின்னும். ஒரு மணி நேரம் பேசினாலும் 30, 40 எம்பி. வீடியோ என்றால் பல மடங்கு, அதை அறையில் வைஃபை இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் பழைய இந்திய நம்பரே இருக்கட்டும். சிம்மை மாற்றினால் ஆப் "நம்பரை மாற்றட்டுமா" என்று கேட்கும், வேண்டாம் என்று சொன்னால் போதும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதோடு கதை முடிந்தது. வளைகுடாவில் எல்லா நாட்டிலும் அப்படி முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பும் ஃபேஸ்டைமும் திறக்காது. அங்கே அனுமதி பெற்ற ஆப்கள் இருக்கின்றன. போட்டிம் அதில் பேர்போனது. எதிஸலாத், டு என்ற இரண்டு கம்பெனிகளிடமும் அதற்கென மாதப் பொதி கிடைக்கும். நம் பையன்களுக்கு அந்தக் காசும் கனமாகத் தெரியும். அறையில் ஒருவன், "விபிஎன் போட்டா எல்லாம் ஃப்ரீடா" என்பான். அந்த நாட்டின் 2021-ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டப்படி, குற்றம் செய்யவோ மறைக்கவோ விபிஎன்-ஐப் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை. குறைந்தபட்சமே நம் பணத்தில் ஒரு கோடிக்கு மேல். தடைசெய்த சேவையை அதன் வழியாகத் திறப்பதும் இதற்குள் இழுக்கப்படலாம். தினம் ஆயிரம் பேர் போடுகிறார்களே என்றால், போடுகிறார்கள்தான். மாட்டுகிற ஒருவன் நாம் இல்லை என்று யார் உறுதி சொல்வது? விபிஎன் ஆப்களில் இலவசமாகக் கிடைப்பவை வேறு எதையோ விற்றுத்தான் வாழ்கின்றன. அதுவும் நம் போனில் ஓடும் தகவலாக இருக்கலாம்.

அமீரகத்தில் தடை அழைப்புக்குத்தான். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் போகும், குரல் பதிவும் போகும். மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு இரண்டு நிமிடம் பேசி விட்டால் அது அம்மாவைப் போய்ச் சேரும். காசு இல்லை, சட்டம் மீறவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கைவரும். நேரக் கணக்கிலும் தொல்லையில்லை. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அவன் வேலை முடித்து அறைக்கு வந்து குளித்துச் சமைத்து உட்காரும்போது இங்கே தூங்கியிருப்பார்கள். குரல் பதிவு காலைவரை காத்திருக்கும். தறியை நிறுத்த வேண்டாம். நான் இதைச் சொன்னபோது தங்கச்சி, "அது மெசேஜ்தானே அண்ணே, பேச்சு ஆகுமா?" என்றாள். நியாயம்தான். வாரம் ஒரு நாள் போட்டிமில் முகம் பார்க்க, மற்ற நாளில் குரல் பதிவு என்று முடிவானது. போட்டிமை அவள் போனில் நான்தான் ஏற்றினேன். அழைக்கிறவர் என்ன ஆப் வைத்திருந்தாலும் ஊரில் இருப்பவரின் போனிலும் அது இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின வாரம் வீட்டிலேயே உட்கார்ந்து ஒத்திகை பார்க்காமல் விமானம் ஏறுகிறவர்கள்தான் கேம்ப்பில் பத்து திர்ஹம் ஆளைத் தேடுகிறார்கள். ஸ்கைப்பை நம்பிக்கொண்டிருக்கும் பழைய ஆட்களுக்கு: அது 2025 மே மாதத்தோடு மூடியாயிற்று.

ஊர் சிம்மைத் தூக்கியெறியக் கூடாது. வங்கி ஓடிபி-யும் ஆதார் ஓடிபி-யும் அதில்தான் வரும். ரோமிங்கில் குறுஞ்செய்தி வந்துசேரப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் ப்ரீபெய்ட் நம்பரை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாவிட்டால் கம்பெனி அதைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட முடியும். உங்கள் வங்கிக் கணக்கோடு ஒட்டியிருக்கும் நம்பர் முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். இதற்கு 2013-லேயே டிராய் ஒரு பாதுகாப்பு வைத்தது: கணக்கில் குறைந்தது 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு நம்பரை இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். நம்பர் உயிரோடிருக்கும், அவ்வளவுதான். ஓடிபி தவறாமல் வர ரீசார்ஜ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர் ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது நல்லது.

சுற்றுலா போகிறவர் கதை வேறு. காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் பத்துமலைக்கும் கதிர்காமத்துக்கும் போய்வருகிறார்கள். ஒரு வாரத்துக்கு எதற்கு வேறு சிம் என்று இருக்கிற சிம்மோடு கிளம்புவார்கள். எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படித்தான் மலேசியா போனார். போஸ்ட்பெய்ட் இணைப்பு. ஓடிபி வரட்டும் என்று ரோமிங்கைத் திறந்தார், பொதி எதுவும் போடவில்லை. "நான் ஒரு கால்கூடப் பண்ணல" என்று இன்றும் சத்தியம் செய்கிறார். உண்மைதான். அவர் பண்ணவில்லை, போன் பண்ணியது. டேட்டா ரோமிங் திறந்திருந்ததால், பத்துமலையில் எடுத்த படத்தையெல்லாம் அது பாட்டுக்கு மேகக் கிடங்கில் ஏற்றிக்கொண்டிருந்தது. பொதி இல்லாத ரோமிங் டேட்டா ஒரு எம்பி-க்கே நூற்றுக்கணக்கில் போகக்கூடியது. ஊருக்கு வந்ததும் வந்த பில், டூர் கட்டணத்தில் கால்வாசி.

ஆகவே பொதி போடாமல் போகிறவர்கள் விமானத்திலேயே டேட்டா ரோமிங் என்ற ஒரு சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஓடிபி அதற்குப் பிறகும் வரும். உள்வரும் அழைப்பை எடுத்தாலும் ரோமிங்கில் காசு என்பதைச் சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். "சௌக்கியமா போய்ச் சேர்ந்தீங்களா" என்று பத்து பேர் கேட்டால் பத்துக்கும் கட்டணம். பொதி போடுகிறவர்கள் அது எந்த நாட்டுக்குச் செல்லும், எப்போதிலிருந்து நாள் எண்ணப்படும், கப்பலிலும் விமானத்திலும் செல்லுமா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். கப்பலுக்கென்று தனி நெட்வொர்க் இருக்கிறது, போன் தானாக அதில் தொற்றிக்கொள்ளும், அதன் விலை தனி. தொற்றிக்கொள்வது என்றால் என்னவென்று தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்குத் தெரியும்: இந்திய மண்ணில் நிற்கும்போதே இலங்கை டவரைப் பிடித்து வரவேற்புச் செய்தி வந்துவிழும்.

போன் இ-சிம் ஏற்கும் என்றால், கிளம்பும் முன்பே ஆப்பில் ஒரு வாரத்துக்கான டேட்டா இ-சிம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஊர் சிம் ஓடிபி-க்கு, இ-சிம் பேச்சுக்கு. இத்தகைய இ-சிம் பலவற்றில் போன் நம்பர் கிடையாது, டேட்டா மட்டுமே. தூதரகத்துக்கோ ஆம்புலன்ஸுக்கோ சாதாரணமாக டயல் செய்ய அதை நம்ப முடியாது. ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. 2017 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டின் சிம் மற்ற உறுப்பு நாடுகளிலும் உள்ளூர் விலையில் ஓடும். பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் அதில் இல்லை. சீனாவில் நிலைமை தலைகீழ்: அங்குள்ள சிம்மில் வாட்ஸ்அப் திறக்காது, நம் சிம்மின் ரோமிங் டேட்டா நம் கம்பெனி வழியாகவே சுற்றிவருவதால் அதில் திறக்கும். கயிலாய யாத்திரை போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

காலிங் கார்டு ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது, ஆனாலும் சில ஊர்க் கடைகளில் இன்னும் தொங்குகிறது. அட்டையில் பெரிய எழுத்தில் நிமிடம். பின்னால் எறும்பு எழுத்தில் இணைப்புக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம், காலாவதி. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2008-ல் இப்படிப்பட்ட கார்டு நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டபோது சோதித்துப் பார்த்தது. போட்ட நிமிடத்தில் ஏறத்தாழ பாதிதான் பேச முடிந்தது.

ஆசிரியரின் பில்லுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அவர் சும்மா கட்டிவிடவில்லை.

டிராய் 2020-ல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, வாடிக்கையாளர் கேட்காமல் சர்வதேச ரோமிங்கைத் திறந்துவைக்கக் கூடாது. போய் இறங்கியதும் அந்த நாட்டுக் கட்டணத்தைக் குறுஞ்செய்தியில் சொல்ல வேண்டும். பொதி டேட்டாவில் 50, 80, 100 சதவீதம் தீரும்போது எச்சரிக்க வேண்டும். போஸ்ட்பெய்ட் என்றால் கடன் வரம்பு நெருங்கும்போதும் சொல்ல வேண்டும். ஆசிரியரிடம் நான் முதலில் கேட்டது: "போனில் வந்த மெசேஜை எதையும் அழிக்கலையே?" அழிக்கவில்லை. வரவேற்புச் செய்தி இருந்தது. வரம்பைப் பற்றிய எச்சரிக்கை எதுவும் இல்லை.

198-க்குப் போட்டோம். ரோமிங்கில் இருந்துகொண்டு 198 கிடைக்கும் என்று நம்பாதீர்கள். கம்பெனியின் முழு எண்ணை ஊரிலேயே எழுதிக்கொண்டு போக வேண்டும். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டு, "நீங்கள் பயன்படுத்தியதற்குத்தான் சார் வந்திருக்கிறது" என்று முடிக்கப் பார்த்தார். முடிக்க விடாமல் புகார் எண் வாங்கினோம். இந்த எண் இல்லாமல் நீங்கள் பேசிய ஒரு மணி நேரமும் காற்றில் போனது. அடுத்த படிக்கு ஏற அதைத்தான் கேட்பார்கள். ஒரு வாரத்தில், பில் சரிதான் என்று பதில் வந்தது. அங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள்.

அதே கம்பெனிக்குள் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருந்தாக வேண்டும். 30 நாளுக்குள் அவருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேராக எழுதுகிறவர்கள் உண்டு. தனி ஆளின் புகாரை டிராய் தீர்த்துவைப்பதில்லை. ஆசிரியர் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதினார். கோபத்தை நான் வெட்டி எடுத்துவிட்டு மூன்று கேள்வியை மட்டும் விட்டேன்: கடன் வரம்பு எவ்வளவு, அது தாண்டியது எந்தத் தேதி எந்த நேரம், எச்சரிக்கை அனுப்பியதற்குப் பதிவு எங்கே. மூன்றாவதற்கு அவர்களால் பதில் தர முடியவில்லை. பில்லில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டார்கள். முழுதாகக் கழிக்கவில்லை என்று அவருக்கு இன்னும் குறைதான்.

அதற்கும் மேலே போக வழியிருக்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர் பிரிவுக்கு 1063. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெலிபோன் தகராறு நுகர்வோர் மன்றத்தில் செல்லாது என்று கம்பெனிகள் பல வருடம் பழைய தந்திச் சட்டத்தைக் காட்டி வாதாடின. 2022 பிப்ரவரியில் ஒரு மொபைல் கம்பெனியின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, செல்லும் என்றது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இந்த வாசல்கள் எல்லாம் உரிமம் பெற்ற கம்பெனியோடு பேசியவருக்குத்தான். பத்து திர்ஹம் ஆளிடம் வாங்கியவருக்கு இதில் ஒன்றும் திறக்காது.

பணம் பறிபோயிருந்தால் இந்தப் படியெல்லாம் ஏறிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 1930. பணம் கைமாறி எடுக்கப்படுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க முடியும் என்பதால் அங்கே கணக்கு நிமிடத்தில்தான். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளைத் தேடி வருகிற வலைகள் சில இருக்கின்றன. +62, +84, +254 என்று தொடங்கும் நம்பர்களிலிருந்து வாட்ஸ்அப்பில் மிஸ்டு கால் மழையாகப் பெய்தது 2023-ல். மகனாயிருக்குமோ என்று திருப்பிப் போட்டவர்கள் உண்டு. அமீரகம் +971, சிங்கப்பூர் +65, சவூதி +966. உங்கள் பிள்ளை இருக்கும் நாட்டின் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், மற்றதைத் திருப்பிக் கூப்பிட வேண்டாம். "அம்மா, புது நம்பர், உனக்கு ஒரு ஆறு இலக்கம் வந்திருக்கும் சொல்லு" என்று செய்தி வந்தால் அது உங்கள் வாட்ஸ்அப்பையே பறிக்க வருகிறது. "உங்க பையன் ஆக்சிடென்ட்டுல மாட்டிக்கிட்டான், பணம் அனுப்புங்க" என்பதற்கு, வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வி போதும்.

தங்கச்சி வீட்டில் அந்தக் கேள்வி என்னவென்று தீர்மானிக்க ஒரு சாயங்காலம் ஆனது. பிறந்த தேதி வேண்டாம் என்றேன், அது ஃபேஸ்புக்கில் இருக்கிறது. கூலிக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1930, 1963, மகனின் அமீரக நம்பர், ரீசார்ஜ் தேதி எல்லாவற்றையும் அவள் பெண் எழுதினாள். கேள்வியை மட்டும் எழுதக் கூடாது என்று வாய்வழியாக வைத்துக்கொண்டார்கள். என்னையும் வெளியே போய்விட்டு வரச் சொன்னார்கள்.

இப்போதெல்லாம் காலையில் அவன் குரல் பதிவு வருகிறது. போனைத் தறிமரத்தில் சாய்த்து வைத்து ஓடவிட்டு இருவரும் நெய்துகொண்டே கேட்கிறார்கள். பதிலும் அங்கேயே, நாடாவை நிறுத்தாமல். அம்மா பேசுவது பாதிதான் காதில் விழுகிறது, தறிச் சத்தம்தான் நிறைய என்று அவன் திட்டினானாம். அடுத்த பதிவில் அவள் தறியை நிறுத்திவிட்டுப் பேசினாள். அதற்கும் ஒரு பதில் வந்தது: "ஏம்மா, இன்னைக்கு வேலை இல்லையா?"